ஊவா ஒத்திசைவு

காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, மடுல்சீமை பஸ் புறப்பட்டுச் சரியாகப் பத்து நிமிடம் கழித்து, தனக்கு மன அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவிக்கும்படி நேசராணிக்கு உத்தரவு கிடைத்தது.

அந்த பஸ்ஸில் அவள் போயிருக்க வேண்டும். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவளை உதவிப் பணிப்பாளர் அந்தோனிப்பிள்ளைதான் வாசலில் மறித்தார்.

"அஞ்சே அஞ்சு நிமிசம், நேசராணி. கொழும்புல இருந்து ஆள் வந்திருக்காங்க."

ஐந்து நிமிடம் முக்கால் மணி நேரமாக வளர்ந்தது. வந்தவர் கலாநிதி வைரவநாதன். ஆளுமை ஆய்வு நிபுணர். சிறுவர் நல உத்தியோகத்தர்களின் பணி அழுத்தத்தை அறிந்துகொள்ள ஆளுமைப் பரீட்சை ஒன்றைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்திருந்தார்.

பதுளை நகரில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்தது அந்தச் சிறுவர் நலக் காரியாலயம். வெளிக்கள உத்தியோகத்தர் ஆறு பேர். மேசை நான்கு. ஜீப் ஒன்று. ஜீப் இரண்டு வருடமாகத் தார்ப்பாய்க்குள் இருந்தது. யாராவது கேட்டால் பழுதுபார்ப்பில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தார்ப்பாயும் இப்போது கிழிந்திருந்தது.

"வேலைப்பளு, வாகனம், ஆட்பற்றாக்குறை போன்ற வெளிக்காரணிகளை இந்த ஆய்வு கணக்கில் எடுக்காது" என்று கலாநிதி ஆரம்பித்தார். "அழுத்தம் வேலையிலிருந்து பிறப்பதில்லை. வேலை செய்பவரின் ஆளுமையிலிருந்து பிறக்கிறது. ஆளுமையைச் சீர்செய்துவிட்டால் வாகனம் தேவைப்படாது."

அந்தோனிப்பிள்ளை முதலில் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். நேசராணியும் தட்டினாள். அவள் தட்டியது கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது. கைதட்டுவதிலும் அவள் சிரேஷ்ட உத்தியோகத்தர்.

நூற்று எண்பத்தேழு கேள்விகள். ஒன்று முதல் ஆறு வரை இலக்கமிட்ட ஆறு படிவங்கள். இலக்கமில்லாத ஒன்று மேலதிகமாக. உதவிப் பணிப்பாளருக்குப் பச்சைத் தாளில் தனிப்படிவம். கேள்விகள் அதே கேள்விகள்தான், தாள்தான் தடிப்பு. மறுநாள் காலை எட்டு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும்.

"பெயர் எழுத வேண்டாம். இலக்கம் மட்டும் போதும். இரகசியம் பேணப்படும்" என்றார் கலாநிதி. பிறகு மேசை வரிசைப்படி இலக்கங்களைக் கொடுத்தார். கடைசி மேசை நேசராணியுடையது. ஆறாம் இலக்கம் அவளுக்கு வந்தது.

கலாநிதி தேநீர் குடிக்கப் போனதும் ஐந்து பேரும் தங்கள் படிவங்களை மேசையில் வைத்துவிட்டு நேசராணியைப் பார்த்தார்கள்.

அந்தக் காரியாலயத்தில் மேலிடத்துப் படிவம் எதுவும் ஆறு தடவை நிரப்பப்பட்டதில்லை. ஒருவர் நிரப்புவார். ஐவர் பார்த்து எழுதுவார்கள். அந்த ஒருவர் பதினொரு வருடமாக நேசராணி. கையெழுத்து மணிமணியாக இருக்கும். மேலிடத்துக்கு என்ன பிடிக்கும் என்று தெரியும். அவள் எழுதியவை எல்லாம் 'மாதிரி' என்ற தடித்த கோப்பில் இருந்தன. வருடாந்த இலக்குகள், அனர்த்த விபரம், நீதிமன்ற அறிக்கைகள், சிறுவர் தினப் பேச்சு. மூன்று வருடத்துக்கு முன் வந்த சுகாதாரப் படிவத்தில், இரத்த வகை என்ற இடத்தில் அவள் தன்னுடைய ஓ பொசிட்டிவ்வை எழுதிவிட்டாள். ஆறு பேரும் ஓ பொசிட்டிவ் ஆனார்கள். பிறகு நடந்த இரத்ததான முகாமில் சஜீவன் தாதியோடு வாதாடினான். "இல்ல மிஸ், நீங்க பிழையாப் பாத்திருக்கீங்க. நான் ஓ. ஒபிஸ் ரெக்கோட்ல இருக்கு."

இதில் நேசராணிக்கு இரகசியமான ஒரு பெருமை உண்டு. வெளியே சலித்துக்கொள்வாள்.

"இது மனசப் பத்தின கேள்வி. இதையுமா பாத்து எழுதப் போறீங்க?"

"அக்கா" என்றான் சஜீவன். காரியாலயத்தில் ஆக இளையவன். பஸார் வீதியில் பலசரக்குக் கடைக் குடும்பம். "என் மனச நான் எழுதினா மேல அனுப்ப முடியுமா? நீங்க எழுதுங்க. அளவா இருக்கும்."

அவள் உட்கார்ந்தாள். இலக்கமில்லாத படிவத்தை எடுத்தாள். மாதிரி என்றால் நல்ல மாதிரியாக இருக்க வேண்டும்.

மற்றவர்கள் கோபப்படும்போதும் நான் அமைதியாக இருப்பேன். முற்றிலும் உடன்படுகிறேன். என் மேசை எப்போதும் ஒழுங்காக இருக்கும். முற்றிலும் உடன்படுகிறேன். அந்த மேசையில் பாதி சஜீவனுடையது. கடற்கரையில் தனியே நடப்பது எனக்கு ஆறுதல் தரும். பதுளையிலிருந்து கடலுக்கு எந்தப் பக்கம் போனாலும் அரை நாள் பஸ். ஓரளவு உடன்படுகிறேன். நான் காரணமில்லாமல் அழுததுண்டு. ஒருபோதும் இல்லை. இது மட்டும் உண்மை. அவளுக்கு எப்போதும் காரணம் இருந்தது.

பதினொன்றரை பஸ்ஸுக்கு முன் முடித்துவிட்டாள். நூற்று எண்பத்தேழு பதில்களிலும் இருந்த பெண்மணியை அவளுக்கே பிடித்திருந்தது. அப்படி ஒருத்தியைச் சந்தித்தால் காலில் விழலாம் போலிருந்தது. மாதிரியைச் சஜீவனிடம் கொடுத்துவிட்டு, தன் ஆறாம் இலக்கத்தைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு ஓடினாள்.

மடுல்சீமையில் இறங்கி, தேயிலை மலையில் முக்கால் மணி நேரம் ஏறினால் கடைசி லயம், தொழிலாளர்களின் ஒற்றை அறை வரிசை வீடுகள். அங்கே இரண்டு சகோதரிகள். பிரஷாந்தினிக்குப் பன்னிரண்டு வயது, யசோதினிக்கு ஐந்து. அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய் நாலு வருடம். போன் வராமல் ஒன்றரை வருடம். அப்பா பிறப்புச் சான்றிதழில் மட்டும் இருந்தார். பெரியம்மா சந்திரகாந்தி வைத்துப் பார்க்கிறாள். கொழுந்து எடுப்பவள். தனக்கும் இரண்டு பிள்ளைகள். வழக்கு நீதிமன்றத்தில் இருந்தது. பிள்ளைகள் பெரியம்மாவிடம் இருக்கலாமா, சிறுவர் இல்லத்துக்குப் போக வேண்டுமா என்று அடுத்த மாதம் ஏழாம் திகதி, வியாழக்கிழமை தீர்ப்பாகும். இல்லம் என்றால் ஒரு இல்லம் இல்லை. பெரியவளுக்குப் பதுளையில் ஒன்று. ஆறு வயதுக்குக் குறைந்தவளுக்கு அடுத்த மாகாணத்தில் ஒன்று. எல்லாம் உத்தியோகத்தரின் அறிக்கையில் தங்கியிருந்தது. உத்தியோகத்தர் நேசராணி.

சந்திரகாந்தி வாசலில் கொழுந்துச் சாக்கை உதறிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மிஸ். ஏறி வந்த மூச்சு இங்க வரைக்கும் கேக்குது. மொதல்ல தண்ணி குடிங்க."

"இடம் போதுதா, சந்திரகாந்தி? ஒரே காம்பராதானே?"

"நாலு பேருக்குச் சமைக்கிற சட்டியில ஆறு பேருக்குச் சமைக்கிறேன் மிஸ். சட்டி ஒண்ணும் கோவிச்சிக்கல. கோட்ல சட்டியக் கேக்க மாட்டாங்களே, என்னையத்தானே கேப்பாங்க."

சின்னவள் அக்காவின் பின்னால் நின்றாள். நேசராணி பெயர் கேட்டாள். சின்னவள் அக்காவின் காதில் என்னவோ சொன்னாள்.

"யசோதினியாம்" என்றாள் பிரஷாந்தினி.

"எத்தன வயசு?"

மறுபடியும் காதில்.

"ஆறு வரப்போகுதாம். மிஸ் போன தடவையும் இதத்தான் கேட்டீங்களாம்."

அம்மாவின் போன் நின்றதிலிருந்து சின்னவள் வேறு யாரிடமும் பேசுவதில்லை. அக்காவின் காதுக்குச் சொல்வாள். அக்கா மற்றவர்களுக்குச் சொல்வாள். பிரித்தால் அந்தப் பிள்ளையின் பேச்சும் பிரிந்து போகும். அறிக்கையில் இந்த ஒரு விஷயத்தை எழுதினால் போதும் என்று நேசராணிக்குத் தோன்றியது.

நோட்டுப் புத்தகத்தை எடுத்தபோது ஆறாம் இலக்கப் படிவமும் கூடவே வந்து தரையில் விழுந்தது.

"இது என்னா மிஸ், இம்புட்டுப் பெரிய பேப்பரு?"

"எனக்கு மனசுல பாரம் இருக்கானு கேக்குறாங்க."

"உங்களுக்கா?" சந்திரகாந்தி சிரித்தாள். சாக்கைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அப்ப எங்களுக்கு எப்ப மிஸ் தருவாங்க?"

புறப்படும்போது பிரஷாந்தினி ஒற்றையடிப்பாதை வரை வந்தாள்.

"மிஸ், எங்கள வேற வேற எடத்துல போட்டா, ரெண்டு எடத்துக்கும் ஒரே பஸ் போகுமா?"

"வேற எடத்துல போட மாட்டாங்க. நான் கோட்டுக்கு வந்து சொல்லுவேன்."

"நெசமா வருவீங்களா?"

"ஏழாந் திகதி. கட்டாயம் வருவேன்."

திரும்பும் பஸ்ஸில்தான் படிவம் நினைவுக்கு வந்தது. மாதிரி சஜீவனிடம். தான் எழுதியதுதானே, நினைவில் இருந்து எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தாள். ஒன்றும் நினைவில் இல்லை. பொய்யைத் திரும்பச் சொல்ல மூளையில் கொஞ்சம் இடம் வேண்டும். அன்று அது மிச்சமில்லை. எனவே வேறு வழியின்றி உண்மையை எழுதினாள். வேலை முடிந்தபின் வேலையைப் பற்றி நினைப்பதில்லை. முற்றிலும் மறுக்கிறேன். வளைவுகளில் பஸ் குலுங்கியபோது சில புள்ளடிகள் கட்டத்தை விட்டு வெளியே போயின. அவற்றையும் அப்படியே விட்டாள்.

பத்து நாள் கழித்து கலாநிதி ஒரு திரையோடு வந்தார்.

திரையில் ஒரு கோடு. தடித்த, நேரான, அழகான கோடு.

"இது ஒரு கோடல்ல" என்றார் கலாநிதி. அவருடைய குரல் தழுதழுத்தது. "ஐந்து கோடுகள். ஒன்றன்மேல் ஒன்று. ஐந்து மனிதர்கள், நூற்று எண்பத்தேழு கேள்விகள், ஒரு பதிலில்கூட வித்தியாசமில்லை. இருபது வருட ஆய்வில் நான் இதைக் கண்டதில்லை. அழுத்தம் பூச்சியம். இந்த மாகாணத்தின் பெயரால் இதற்கு நான் ஊவா ஒத்திசைவு என்று பெயரிட்டிருக்கிறேன். சிங்கப்பூரில் நடக்கும் மாநாட்டில் வாசிக்கப் போகிறேன்."

ஐவரும் அடக்கத்தோடு தலைகுனிந்தார்கள். நேசராணிக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. அவள் எழுதியது சிங்கப்பூர் வரை போகிறது.

அடுத்த படம் வந்தது. நமுனுகுல மலையைக் குறுக்கே வெட்டி நிறுத்தியது போல ஒரு கோடு. ஏறியது, விழுந்தது, மறுபடியும் ஏறியது.

"துரதிர்ஷ்டவசமாக இந்த ஒத்திசைவுக்குள் ஓர் அந்நியர் இருக்கிறார். இரகசியம் பேணப்படும் என்று வாக்களித்திருக்கிறேன். எனவே பெயர் சொல்ல மாட்டேன். இலக்கம் ஆறு."

எல்லா முகங்களும் கடைசி மேசைக்குத் திரும்பின. பழக்கத்தில் நேசராணியும் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்.

உதவிப் பணிப்பாளர் எழுந்தார்.

"இந்தக் காரியாலயத்தில் அழுத்தம் இல்லை என்று நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன். இன்றைக்கு விஞ்ஞானமும் எனக்குக் கீழ்ப்படிந்திருக்கிறது. ஆறில் ஐந்து. எண்பத்து மூன்று சதவீதம். எண்பத்து மூன்றோடு திருப்திப்படுகிறவன் நானில்லை. இலக்கம் ஆறைப் பதினான்கு நாள் கட்டாய ஓய்வில் அனுப்பி, இந்தக் காரியாலயத்தை நூறு சதவீதம் ஆக்குவேன்."

இந்த முறை நேசராணி மட்டும் கை தட்டவில்லை. கலாநிதி அதைக் குறித்துக்கொண்டார்.

பதினான்கு நாள் என்றால் ஏழாம் திகதி அதற்குள் விழுந்தது. அவள் அந்தோனிப்பிள்ளையின் அறைக்குப் போனாள்.

"சேர், ஏழாந் திகதி எனக்கு கோட் இருக்கு. மடுல்சீமைப் பிள்ளைகள்."

"சஜீவன் பாப்பான்."

"அவன் அந்த லயத்துக்குப் போனதே இல்ல சேர். சேர், உண்மையச் சொல்றேன். அந்த அஞ்சு பேரும் என்னையப் பாத்துத்தான் எழுதினாங்க."

அந்தோனிப்பிள்ளை கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தெரியாதா நேசராணி? நானும் அதப் பாத்துத்தான் எழுதினேன். தலைமைத்துவத்துல மாகாணத்துலயே கூடின புள்ளி எனக்குத்தான். கடிதம் வந்திருக்கு." கடிதத்தைக் காட்டினார். கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தது. "நீங்க நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. உங்களுக்கு மட்டும் ஏன் இப்பிடி மோசமா எழுதினீங்க? இப்ப வாயத் தொறந்தா அஞ்சு பேரு மாட்டுவாங்க, என்னோட ஆறு. சத்தமில்லாம ஓய்வெடுங்க."

ஓய்வு என்பது வீட்டில் இருப்பதல்ல. தினமும் காலை காரியாலயத்துக்கு வந்து, காகிதாதிகள் வைக்கும் அறையில் உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டும். எட்டரைக்கு வரவுப் புத்தகத்தில் கையெழுத்து. தாமதமாக ஓய்வெடுக்க வந்தால் சிவப்புக் கோடு. கலாநிதி ஒரு சின்னப் பெட்டியில் கடலலைச் சத்தத்தை ஓடவிட்டார். கடற்கரையில் தனியே நடப்பதாக எண்ணிக்கொள்ளச் சொன்னார். அவள் நடந்தாள். கொஞ்ச தூரத்தில் மடுல்சீமை பஸ் வந்தது.

மூன்றாம் நாள் ஒரு மரம் வரையச் சொன்னார். மனதில் முதலில் தோன்றும் மரம். அவள் வரைந்தாள்.

கலாநிதி நீண்ட நேரம் பார்த்தார். "ஏன் இந்த மரம் இவ்வளவு குள்ளமாக இருக்கிறது?"

"தேயிலை, சேர்."

"மேல்பகுதியைக் கத்தியால் சீவியது போல வரைந்திருக்கிறீர்கள். யார் சீவியது?"

"கவ்வாத்துப் பண்ணினா அப்பிடித்தான் இருக்கும் சேர். வெட்டாட்டி காடாயிரும்."

"வெட்டாவிட்டால் காடாகிவிடும்" என்று அவர் மெதுவாகத் திரும்பச் சொன்னார். பிறகு எழுதினார். தலை துண்டிக்கப்பட்ட மரம். எதிர்காலம் பற்றிய அவநம்பிக்கை. வன்முறையை நியாயப்படுத்தும் போக்கு.

லுணுகலைத் தோட்டத்தில் பிறந்தவள் நேசராணி. தேயிலையை யாரும் அப்படிப் பார்த்து அவள் கண்டதில்லை. அந்த நேரம் அவளுக்கே படம் கொஞ்சம் பயமாக இருந்தது.

முதலாம் திகதி அவள் மறுபரீட்சை கேட்டாள். கலாநிதி சந்தோஷமாகச் சம்மதித்தார். உதவி கேட்பது குணமாவதன் அறிகுறி என்றார். ஓய்வறையில் தனியே விட்டுவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

அந்த அறையில்தான் மாதிரிக் கோப்பும் இருந்தது. சஜீவன் வேலை முடிந்ததும் பரீட்சை மாதிரியையும் அதில் பொறுப்பாகக் கோத்து வைத்திருந்தான். நேசராணி எடுத்துப் பிரித்தாள். அந்த அமைதியான பெண்மணி, ஒழுங்கான மேசையோடு, அப்படியே இருந்தாள். ஆறு நாள்தான் இருக்கிறது. நேசராணி தன்னைப் பார்த்து எழுதத் தொடங்கினாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகப் பார்த்து எழுதுகிறாள். எவ்வளவு சுகமான வேலை என்று அந்த ஐந்து பேர்மீதும் பொறாமை வந்தது.

கலாநிதி பிற்பகல் திருத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது இலக்கம் ஐந்தின் பதில். நூற்று எண்பத்தேழும். நீங்கள் சஜீவனைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள்."

"இல்ல சேர். அது நான்தான்."

"எது?"

"சஜீவன். சஜீவன் நான்தான் சேர்."

கலாநிதி பேனாவைத் திறந்தார்.

"மற்றவர்கள்?"

"அவங்களும் நான்தான். அஞ்சு பேரும். பணிப்பாளர் சேரும்."

"எவ்வளவு காலமாக?"

"பதினொரு வருசமா."

சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் பிழையாக எதையும் சொல்லவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு சுருக்கமாக, அவ்வளவு உண்மையாக அவள் ஒரு வாக்குமூலமும் கொடுத்ததில்லை.

தன்னைப் பிறராகக் கருதுதல் என்று கலாநிதி எழுதினார். மேலதிகாரி உட்பட. ஓய்வு இருபதாம் திகதி வரை நீடிக்கப்பட்டது. கோப்புகள் எல்லாம் முறைப்படி சஜீவனிடம் ஒப்படைக்கப்பட்டன.

அவள் சஜீவனைப் படிக்கட்டில் பிடித்தாள்.

"தம்பி, மடுல்சீமைக்கு ஒருக்காப் போயிட்டு வா. கடைசி லயம். சின்னது பேசாது, அக்கா காதுலதான் சொல்லும். அத எழுது. அது ஒண்ணுதான் முக்கியம்."

"போறேன் அக்கா. ஆனா ரோட்டுல மண்ணு சரிஞ்சிருக்காம். பஸ் பாதி வழிதான் போகுதாம்."

"பாதி வழியில எறங்கி நட."

"நடக்கிறேன் அக்கா. நீங்க டென்சன் ஆகாதீங்க, அப்புறம் இன்னும் நீட்டிருவாங்க."

ஏழாம் திகதி காலை நேசராணி ஓய்வெடுக்கப் போகவில்லை. நீதிமன்றத்துக்குப் போனாள். வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழும். விழட்டும் என்று நினைத்தாள். பதினொரு வருடத்தில் அவள் பெயருக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு இல்லை.

பின்வரிசை வாங்கில் உட்கார்ந்தாள். முன்னால் சந்திரகாந்தி, இரண்டு பிள்ளைகளோடு. நல்ல சேலை. பிரஷாந்தினி திரும்பிப் பார்த்து, நேசராணியைக் கண்டு, தங்கையின் தோளைத் தட்டினாள். வந்துவிட்டார்கள் என்று சொல்வது போல.

நீதவான் கிழக்குப் பக்கத்துப் பெண்மணி. தமிழ் பேசுகிறவர். சஜீவன் அறிக்கையைக் கையளித்தான். நீதிமன்ற எழுதுவினைஞர் சத்தமாக வாசித்தார்.

"சமையலறையும் படுக்கையறையும் ஒன்றாக இருக்கும் சூழலில், பெண் பிள்ளைகளின் உடல், உள வளர்ச்சிக்குத் தேவையான இடவசதி காணப்படவில்லை. பாதுகாவலரின் அன்பு மறுக்க முடியாததாயினும், அன்பு மட்டும் போதுமானதல்ல. ஆகவே..."

அந்த 'ஆகவே' நேசராணிக்குத் தெரிந்தது. அவளுடையது. ஆறு வருடத்துக்கு முன் லுணுகலையில் வேறு இரண்டு பிள்ளைகளுக்காக எழுதினது. அப்போது அந்தோனிப்பிள்ளை நடையைப் பாராட்டி, மாதிரிக் கோப்பில் போடச் சொன்னார். அன்பு மட்டும் போதுமானதல்ல என்ற வரியை எழுதிவிட்டு அன்று அவள் ஒரு பிளேன்டீ குடித்தாள். அது நினைவிருந்தது. அந்த இரண்டு பிள்ளைகளும் இப்போது எங்கே என்று நினைத்துப் பார்த்தாள். அது நினைவில்லை.

சஜீவன் பெயர்களை மட்டும் கவனமாக மாற்றியிருந்தான்.

"...மூத்த பிள்ளையைப் பதுளையிலும், இளைய பிள்ளையைச் சிறுபிள்ளைகள் இல்லத்திலும் சேர்க்குமாறு சிபாரிசு செய்கிறேன். இளைய பிள்ளை சரளமாகப் பேசுபவள். புதியவர்களோடு இலகுவில் பழகுவாள். ஆகவே பிரிவு அவளைப் பாதிக்காது."

"தெளிவான அறிக்கை" என்றார் நீதவான்.

நேசராணி எழுந்து நின்றாள். எழுந்தது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

"அது பிழை, கனம் நீதவான் அவர்களே."

"நீங்க யாரு?"

"நேசராணி. இந்தப் பிள்ளைகள்ட உத்தியோகத்தர். இப்ப லீவுல இருக்கேன்."

சஜீவனின் கோப்பில் அவளுடைய ஓய்வுக் கடிதமும் இணைக்கப்பட்டிருந்தது. நீதவான் அதை வாசித்தார். பக்கத்தைப் புரட்டினார். கலாநிதியின் குறிப்பையும் வாசித்தார். நிமிர்ந்து நேசராணியை, பரீட்சையில் விடுபட்ட கேள்வி ஒன்றைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அறிக்கை பிழையெண்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சரியான பதில் 'அதை எழுதினது நான்' என்பது. ஒரு தடவை அப்படிச் சொல்லி இருபதாம் திகதி வரை போயிருந்தது. நேசராணி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சின்னப் பிள்ளையக் கேளுங்க" என்றாள். "பேர மட்டும் கேளுங்க."

நீதவான் கண்ணாடிக்கு மேலால் முன்வரிசையைப் பார்த்தார்.

"மகள், உங்கட பேர் என்ன?"

யசோதினி அக்காவின் காதைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் சொன்னாள்.

"யசோதினியாம்" என்றாள் பிரஷாந்தினி.

"நான் தங்கச்சியத்தான் கேட்டன். தங்கச்சி சொல்லட்டும்."

மறுபடியும் காது. இந்த முறை கொஞ்சம் நீண்ட பேச்சு.

"அவ சொல்லிட்டாளாம்" என்றாள் பிரஷாந்தினி. "உங்களுக்குத்தான் கேக்கலையாம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. அறிக்கையை மறுபடியும் கையில் எடுத்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். சரளமாகப் பேசுபவள் என்ற வரி.

"மிஸ்டர் சஜீவன், எழும்புங்க."

சஜீவன் எழுந்தான். சட்டைப் பொத்தான் கழுத்து வரை பூட்டியிருந்தது. நெற்றியில் காலை கோயிலுக்குப் போன திருநீறு. முதல் தடவையாகத் தனியே கோட்டுக்கு வந்திருக்கிறான்.

"இந்தப் பிள்ளைகள் இருக்கிற லயத்துக்கு நீங்க போனீங்களா?"

கேள்வி சின்னது. ஐந்து கட்டங்கள் இல்லை. ஓரளவு உடன்படுகிறேன் என்று சொல்ல இடமில்லை. சஜீவன், காரியாலயத்தில் ஒரு படிவம் வந்தால் என்ன செய்வானோ அதைச் செய்தான். மெதுவாகக் கழுத்தைத் திருப்பி நேசராணியைப் பார்த்தான்.

முன்வரிசையிலிருந்து பிரஷாந்தினியும் அவளைத்தான் பார்த்தாள்.

நேசராணியின் தலை தானாக அசையத் தொடங்கியது. மேலும் கீழுமாகவா, பக்கவாட்டிலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவவைப் பாக்காமச் சொல்லுங்க, மிஸ்டர் சஜீவன்" என்றார் நீதவான்.